பொன்னாடை போர்த்தியும் போகாத பயிற்சியாளர்

"அந்தக் கண்ணாடிய வெளியில எடுக்கச் சொல்லு மனே. உனக்குத்தானே இவங்கட பாஷ தெரியும். போய்ச் சொல்லு."

என்னை எப்போதும் 'மனே', மகனே, என்று கூப்பிடுகிற பெனடிக்ற் அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கியதில் கையிலிருந்த கோப்பி என் காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் உள்ளரங்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஓர் ஈரம். உள்ளே சப்பாத்து ரப்பரின் மணம், தரைக்குப் பூசிய மெழுகின் மணம், எங்களுடைய நனைந்த கம்பளிச் சட்டைகளின் மணம்.

கல்லூரியின் கூடைப்பந்து அணி முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போதுதான் பயிற்சியாளர் பிரெபென் எழுந்து, அணியில் ஒழுங்காகக் கூடைக்குள் பந்து போடத் தெரிந்த ஒரே ஒருவனை வெளியே கூப்பிட்டார். முடியைப் பின்னால் கட்டியிருந்ததால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் குதிரைவால். அவனுக்குப் பதிலாக உள்ளே போனவன்தான் கண்ணாடி. நல்ல உயரம், நல்ல குணம். ஆனால் பந்து தன்னை நோக்கி வந்தால் இரண்டு கையாலும் முதலில் மூக்குக்கண்ணாடியைத்தான் பிடிப்பான்.

"அண்ணை, நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது? அந்தாள் என்னைக் கலைச்சு விடும்" என்றேன்.

வழமைபோலவே தோற்றோம். பெனடிக்ற் அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் குந்தினார். கொஞ்ச நேரம் கழித்து, கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில் சொன்னார்: "இந்த சீசன் முடியட்டும். நான் போறன்."

எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்புக்கு. அங்கே அவருடைய மனைவி ரோசலினும், அவர் வெளிக்கிடும்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்த மகளும் இருந்தார்கள். அங்கே அப்போது யுத்தம், ஆண்பிள்ளை ஒருவன் ரோட்டில் நடந்து போய் வீடு திரும்புவதே பெரிய காரியம். போனால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சூட்டுக்கு வந்த ரசிகர்கள்

இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு இஷொய் என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி தொலைபேசி எடுத்தார். "டென்மார்க்குக்கு வந்த புதிதில் பட்ட கஷ்டத்தையே எழுதுகிறீர்களே, ஒரு நல்ல விஷயமும் நடக்கவில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நடந்தது அம்மா. அதற்கு நாங்கள் கொடுத்த பெயர் கூடைப்பந்து.

எப்படி அந்த அரங்குக்குப் போய்ச் சேர்ந்தோம் என்பதில் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. அது சூடாக இருந்தது. நுழைவுச் சீட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பூட்டு, மொழி வகுப்பு இல்லை, வேலை இருந்தவர்களுக்கு வேலையும் இல்லை. அறையில் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு இருப்பவர்களின் முகத்தை நாள் முழுக்கப் பார்க்க முடியாது.

அந்த வருஷங்களைப் பற்றி இளம் வாசகர்களுக்கு ஒரு சொல். சட்டப்படி, அகதிகளாக வந்த எங்கள் ஆட்களுக்குக் குடும்பத்தைக் கூப்பிட உரிமை இருந்தது. ஆனால் விண்ணப்பங்கள் மேலே அமைச்சுக்குப் போய் அப்படியே படுத்துவிட்டன. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வேண்டுமென்றே படுக்கப் போட்டார்கள் என்பது பிறகு வெளியே வந்ததும், அதனால் இந்த நாட்டில் ஓர் அரசாங்கமே விழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தபால்காரன் போகிற சத்தம் மட்டும்தான் தெரியும்.

நான் அந்த வகையில் கொடுத்து வைத்தவன். கலியாணம் கட்டாதவன், கூப்பிட ஆள் இல்லாதவன். அதனால்தான் டேனிஷ் எனக்குக் கெதியாக ஏறியது என்று பெனடிக்ற் அண்ணை சொல்லுவார். "உன்ர மண்டைக்குள்ள இடம் கிடக்கு மனே. எங்கட மண்டைக்குள்ள வேற ஆக்கள் குடியிருக்கிறாங்க."

நான் யாழ்ப்பாணத்தான். எனக்குக் கிரிக்கெட் தெரியும், உதைபந்து தெரியும். கூடைப்பந்து என்றால் ஏதோ பெட்டைகள் விளையாடுகிற விளையாட்டு என்ற எண்ணம். மட்டக்களப்பார் அப்படி இல்லை. அங்கே அமெரிக்கப் பாதிரிமார் ஒருகாலத்தில் கொண்டுவந்து போட்ட கூடைப்பந்து, ஊரோடு ஒட்டிவிட்டது. அந்த ஊரில் வளையத்தின் உயரத்தைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். பெனடிக்ற் அண்ணை தன் கல்லூரி அணியின் தலைவராக இருந்தவர். இங்கே கோழி வெட்டும் ஆலையில் வேலைக்கு நின்று நின்று முழங்கால் போயிருந்தாலும், பந்து ஒன்றைக் கண்டால் அவருடைய விரல்கள் தாமாக விரியும்.

ஆக, முதல் வாரம் சூட்டுக்குப் போனோம். இரண்டாம் வாரம் அண்ணை எங்களுக்கு விதிகளைச் சொல்லித் தந்தார். மூன்றாம் வாரம் யாரோ ஒருவன் காலியான பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்து அடிக்கத் தொடங்கினான். டேனிஷ்காரர்கள் நல்ல எறிக்கு நாலு தரம் கை தட்டுவார்கள், பிறகு கையை மடியில் வைத்துக்கொள்ளுவார்கள். நாங்கள் ஆட்டம் தொடங்க முதலே நடுவரைத் திட்டத் தொடங்கிவிடுவோம். நல்ல காலம், தமிழில்.

இரண்டு கட்சி

தமிழன் இருக்கும் இடத்தில் கட்சி இல்லாமல் இருக்குமா? ஆட்டம் முடிந்ததும் பெனடிக்ற் அண்ணையின் அறைக்குப் போய்ப் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு சண்டை பிடிப்போம்.

பிரச்சினை இதுதான். பிரெபென் தன் அணியில் இருந்த எல்லோரையும் விளையாட விடுவார். வென்றுகொண்டிருந்தாலும் சரி, தோற்றுக்கொண்டிருந்தாலும் சரி, முறை வந்தால் கண்ணாடி உள்ளே போவான், குதிரைவால் வெளியே வருவான். இத்தனைக்கும் யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மனிதர் அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

"இவன் பள்ளிக்கூடம் நடத்துறானா, மெட்ச் விளையாடுறானா?" என்பது பெனடிக்ற் அண்ணையின் கட்சி. பயிற்சியாளரை மாற்றவேண்டும். இன்னொரு குறையும் இருந்தது. எதிரணியை ஆளுக்கு ஆள் மறிக்காமல், இடத்தைப் பிரித்துக் காவல் நிற்கிற முறையைத்தான் பிரெபென் சொல்லிக்கொடுத்தார். அண்ணைக்கு அது பயந்தவன் விளையாட்டு. "ஒரு ஆள உனக்குத் தந்தா, அவன்ர மூச்சு உன்ர கழுத்தில படோணும்" என்பார்.

எதிர்க்கட்சித் தலைவர் சிவபாலன். என்னைப்போல யாழ்ப்பாணத்தான். நிச்சயித்த பெண் வல்வெட்டித்துறையில், தாலி கட்டவேண்டிய இவர் இங்கே. "அந்தக் கண்ணாடிப் பொடியனும் மனிசன்தானே அண்ணை. வாங்கில இருத்திப்போட்டு வருஷக்கணக்கா முறை வரும் வரும் எண்டு வைச்சிருந்தால் அவனுக்கு எப்பிடி இருக்கும்?" என்றார் ஒருநாள்.

சிவபாலன் பேசியது கண்ணாடியைப் பற்றி மட்டும் இல்லை என்று எல்லோருக்கும் விளங்கியது. அண்ணை எழுந்து போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன். எனக்கு ஒரே ஒரு அக்கறைதான். அண்ணை சண்டை பிடிக்கும் வரை அவர் பயணச்சீட்டு எடுக்கமாட்டார். அவர் சண்டையை நிறுத்திய வாரம்தான் எனக்குப் பயம் வந்தது.

அந்த வாரம் அவர் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு அமைதியாகச் சொன்னார். "எனக்கு ஒரு கடைசிக் கடமை கிடக்கு. இந்தக் கோச்ச மரியாதையா அனுப்பிப்போட்டுத்தான் நான் போவன்."

மரியாதையாக அனுப்பும் முறை

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

எங்களிடம் யாரும் பெரிய மனிதரைப் பார்த்து "நீ போ" என்று சொல்லுவதில்லை. அவருக்குப் பாராட்டு விழா வைப்போம். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் செய்த சேவையை எல்லாம் ஒன்றும் விடாமல் புகழுவோம். "இனி ஐயா ஓய்வெடுக்கவேண்டும்" என்று கடைசியில் ஒரு வசனம் வரும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் மிச்ச வசனங்கள் எல்லாம்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் ஒரு செயலாளர் இருந்தார். நான் பிறக்க முதலே அவர்தான் செயலாளர். கழகத்தின் உதைபந்துக்குக் காற்று அடிப்பதென்றாலும் அவர் கையொப்பம் வேண்டும். ஒரு வருஷம் அவருக்குப் பாராட்டு விழா என்று நோட்டீஸ் அடித்தார்கள். மனிதர் அன்றைக்கு வேட்டி சால்வையோடு வந்தார், மாலையை வாங்கினார், படத்துக்குச் சிரித்தார். அடுத்தநாள் காலை கழக அலுமாரியின் திறப்புச் சாவி, தலைவரின் வீட்டு வாசற்படியில் இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு சண்டை இல்லை. இப்போது நினைத்தாலும் அதை ஒரு நல்ல முறை என்றுதான் சொல்லுவேன்.

அந்த முறையைத்தான் பெனடிக்ற் அண்ணை பிரெபெனுக்குச் செய்யத் தீர்மானித்தார். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் அரங்கிலேயே விழா. கல்லூரி அதிபரிடம் நான் போய்க் கேட்டேன். "எங்கள் பயிற்சியாளருக்கு நன்றி சொல்லவா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, அந்த அம்மா சம்மதித்தார்.

பொன்னாடைக்கு எங்கே போவது? சிவபாலனிடம் சரிகைக் கரை வைத்த சால்வை ஒன்று இருந்தது. தன் கலியாணத்துக்கென்று கொண்டுவந்தது. கட்சி வேறாக இருந்தாலும் மனிதர் கொடுத்தார். "போர்த்தினாப் பிறகு திருப்பிக் கேக்க ஏலாது, தெரியும்தானே?" என்று அண்ணை கேட்டார். "தெரியும். அவள் வரேக்கை வேறை ஒண்டு கொண்டு வருவாள்" என்றார் சிவபாலன்.

மாலைக்குப் பூ வாங்க நானும் அண்ணையும் போனோம். வெள்ளைக் கார்னேசன் பூவைக் காட்டி இவ்வளவு வேண்டும் என்றதும், கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில், "இறந்தவர் நெருங்கிய சொந்தமா?" என்று கேட்டார். நான் அண்ணைக்குச் சொன்னேன். அண்ணை யோசித்துவிட்டு, "கோச் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அந்த அம்மா எங்களுக்காகக் கவலைப்பட்டு, கட்டுக்குள் இன்னும் கொஞ்சம் பூ சேர்த்துவிட்டார்.

பிரெபென் பதில் சொல்கிறார்

கடைசி ஆட்டத்திலும் தோற்றோம். கண்ணாடிதான் கடைசி எறி. பந்து வளையத்தின் மேல் குந்தியிருந்து யோசித்துவிட்டு வெளியே விழுந்தது.

ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார். தமிழில் பேசினார், நான் பின்னால் நின்று டேனிஷில் சொன்னேன். எத்தனையோ மேடை கண்ட மனிதர், அழகாகப் பேசினார். "வெற்றியை மட்டும் எண்ணாமல் பிள்ளைகளை எண்ணிய பயிற்சியாளர்" என்றார். நீண்டகாலம் உழைத்தவர் என்றார். கடைசியில், இனி ஐயா ஓய்வெடுக்கவேண்டும், குடும்பத்தோடு இருக்கவேண்டும் என்பதே எங்கள் எல்லோருடைய விருப்பம் என்று முடித்தார். குடும்பத்தோடு என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தடக்கியது. நான் ஒரு சொல்லையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வாளி முழங்க மாலை விழுந்தது. சால்வை விழுந்தது. பிரெபென் பெரிய உடம்புக்காரர், தாடிக்காரர், கல்லூரியில் மரவேலை கற்பிப்பவர். நிற்கத் தெரியாமல் நின்றார். மீசையில் ஒரு பூவிதழ் ஒட்டியிருந்தது.

பிறகு சொன்னார். இந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. அணியின் சட்டைகளை வீட்டில் அவர்தான் தோய்க்கிறார். இந்தப் பருவத்தோடு விடுகிறேன் என்று போன மாதமே அதிபரிடம் சொல்லிவிட்டார். "இவ்வளவு வருஷத்தில் பெற்றோர்கூடப் பார்க்க வருவதில்லை. வென்றால் யாரும் சந்தோசப்படுவதில்லை, தோற்றால் யாரும் கவலைப்படுவதில்லை. நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தீர்கள். கோபப்பட்டீர்கள். என் அணிக்காக முன்பு ஒருவரும் கோபப்பட்டதே இல்லை."

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதனால் நான் விடவில்லை. அடுத்த பருவமும் இருக்கிறேன்."

"என்ன சொல்லுறான்?" என்றார் அண்ணை.

"நிக்கப் போறாராம்."

"எங்க?"

"இஞ்சைதான் அண்ணை. கோச்சா."

சிவபாலன் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. அண்ணை அப்படியே நின்றார். பேயடித்த முகம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு பகிடிக் கதை. முடியவில்லை. அரங்கு சூடு, பிரெபென் போட்டிருந்தது தடித்த கம்பளிச் சட்டை, அதற்கு மேல் மாலை, அதற்கு மேல் பட்டுச் சால்வை. மனிதருக்கு வியர்த்து வழிந்தது. "இதில் பாதி உங்களுடையது, கத்தியவர் நீங்கள்தானே" என்று சொல்லிக்கொண்டு சால்வையைக் கழற்றி அண்ணையின் தோளில் போர்த்தினார்.

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள் பாருங்கள், கூரை தெறிக்கிற மாதிரி. மேடையில் பொன்னாடை வாங்கிய பெரியவர், அதைத் தன் கையால் கழற்றி இன்னொருவருக்குப் போர்த்தினால் அதற்கு எங்களிடம் என்ன அர்த்தம்? பக்கத்தில் வா, இனி இது உன் பொறுப்பும்தான் என்று அர்த்தம். பிரெபெனுக்கு அது தெரியாது. அவருக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.

கை தட்டு ஓயப் பிரெபென் என்னிடம் கேட்டார்: "எல்லோரும் ஏன் இப்படித் தட்டுகிறார்கள்?" நான் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "நல்ல யோசனை. வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்தான்."

அண்ணை என் காதுக்குள் சொன்னார், "நான் ஊருக்குப் போறன் எண்டு சொல்லு. பொஞ்சாதி பிள்ள அங்க. இங்க ஒரு பதிலும் வரல்ல. எனக்கு இனி இருக்க ஏலாது எண்டு சொல்லு."

அதையும் அப்படியே சொன்னேன். எங்களில் பலருக்கு ஊரில் குடும்பம் இருக்கிறது என்பதே பிரெபெனுக்கு அப்போதுதான் தெரியும். தமிழர்கள் விளையாட்டுக்குப் பெண்களைக் கூட்டி வருவதில்லை என்று நினைத்திருந்தாராம். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அரங்கிலிருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அண்ணையிடம், "ஓகஸ்ற்றில் பயிற்சி தொடங்கும். ஆளுக்கு ஆள் மறிக்கிறது எப்படி என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. அதைக் காட்டிவிட்டுப் போங்கள்" என்றார்.

வாங்கில் அண்ணை

எங்கள் மனிதர் ஒருவருக்கு எல்லோர் முன்னிலையிலும் பொன்னாடை விழுந்தால் அவர் தப்ப முடியாது. அண்ணை தப்பப் பார்த்தார். சரி, ஓகஸ்ற் வரைக்கும் என்றார். ஓகஸ்ற் வந்ததும், பெடியங்களுக்குக் கால் வைக்கவே தெரியாது, செப்டெம்பர் வரைக்கும் என்றார். அந்தக் கோடையில் கிழக்கிலிருந்து வந்த செய்திகள் நாளுக்கு நாள் மோசமாகின. ஊரைப் படைகள் வளைத்து ஆண்களை ஏற்றிப் போவதைச் சொல்லும் சுற்றிவளைப்பு என்ற சொல்லை நாங்கள் சாப்பாட்டோடு சாப்பாடாக விழுங்கினோம். பிறகு அவர் போவதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார். போக முடியாது என்று ஆகிவிட்டது.

ஆனால் வாங்கு இருந்தது. ஞாயிறு தோறும் பிரெபெனுக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டியோடு அண்ணை. இருவருக்கும் நடுவில் நான். பிரெபெனின் காவல் முறையை அண்ணை திட்டுவார், நான் மரியாதையான டேனிஷில் சொல்லுவேன். பிரெபென் மறுப்பார், நான் தமிழில் சொல்லுவேன். ஆளுக்கு ஆள் மறிக்கிறதைப் பழக்கினார்கள். தோற்றோம். பழைய முறைக்குத் திரும்பினார்கள். தோற்றோம். கண்ணாடிக்கு மட்டும் அண்ணை தனியாக நின்று பந்து பிடிக்கப் பழக்கினார். அவனுடைய மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாடா கட்டிவிட்டால் போதும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

மற்ற ரசிகர்கள் இப்போது அண்ணையையும் சேர்த்துத் திட்டினார்கள். "ரெண்டு பேரையும் மாத்தோணும்" என்றார் சிவபாலன். அண்ணைக்கு அது பிடித்திருந்தது.

நான் இந்த நாட்டில் வேலை எடுத்தேன், வீடு எடுத்தேன், கலியாணம் கட்டினேன். அதற்கெல்லாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் நன்றி அந்த அரங்குக்கு. எங்களை ஒருவரும் எண்ணாத காலத்தில், ஒரு மனிதர் எங்கள் கோபத்தைக் கேட்டுவிட்டு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ அலுவலகங்களில் கோபப்பட்டிருக்கிறேன். அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

ரோசலின்

அனுமதி வந்தது. எப்படி வந்தது, யார் யார் பத்திரிகைகளில் எழுதினார்கள், யார் கேள்வி கேட்டார்கள் என்பதெல்லாம் வேறு இடத்தில் எழுதப்படவேண்டிய கதை. ரோசலின் அக்கா வந்து இறங்கியபோது மகள் நன்றாக ஓடித் திரிகிற பிள்ளை. தகப்பனைக் கண்டு தாயின் பின்னால் ஒளித்தாள். சிலநாள் அவரை "அந்த மாமா" என்றே சொன்னாள்.

வந்து ஒரு வாரம் ரோசலின் அக்கா ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. சமைத்தார், யன்னலால் பார்த்தார். ஒரு பின்னேரம் நான் போயிருந்தபோது மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னார்.

"இவர் வாறன் எண்டு சொன்ன வருஷம் ஆமிக்காரங்க எங்கட ஒழுங்கைய வளைச்சாங்க தம்பி. வயசு பாக்காம ஆம்பிளையள எல்லாம் ஏத்தினாங்க. என்ர தம்பியும் போனவன். இன்னும் வரல்ல." கத்தி நின்றது. "இவர் வந்திருந்தா எங்கட வீட்டிலதான் இருந்திருப்பார். வேற எங்க போறது?"

பெனடிக்ற் அண்ணை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் வராம விட்டார் எண்டு நான் அப்ப கோவிச்ச நான்" என்றார் அக்கா. "இப்ப சொல்லுறார், பந்து விளையாட்டு எண்டு. எனக்கு அந்த மனிசன ஒருக்காப் பாக்கோணும்."

அந்த ஞாயிறு அவரும் வந்தார். யாருடையதோ பெரிய கோட்டு, கையைப் பிடித்தபடி மகள். ஆட்டம் முழுக்க ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, பிரெபெனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் தோற்றோம். எல்லோரும் கலைந்தபோது நேரே நடந்து போய், சட்டைகளைப் பைக்குள் அடைத்துக்கொண்டிருந்த பிரெபெனின் இரண்டு கையையும் பிடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க தம்பி. என்ர புள்ளைக்கு அப்பா இருக்கிறார் எண்டு சொல்லுங்க."

சொன்னேன். பிரெபென் குனிந்து அந்தச் சிறுமியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். "தெரியுமே" என்றார். "ஒவ்வொரு ஞாயிறும் என் காதுக்குள் கத்துகிறாரே."

அதைத் தமிழில் சொன்னேன். ரோசலின் அக்கா சிரித்தார். டென்மார்க்கில் அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார், பிடித்த கையை விடவில்லை. அண்ணை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பால் திரும்பி நின்றார்.

பிரெபென் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "நான் ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டேனா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவ்வளவு டேனிஷ் படித்திருந்தும், அன்றைக்கு எனக்கு வேறு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.